நிலமும் பொழுதும்: காட்டலான் வட்டார வழக்கும் ஊர்விழாவும் பற்றிய இரு பெருந்தொகுதிகள்

மொழி ஒன்றேயாயினும் அது வழங்கும் நிலந்தோறும் ஒலியும் சொல்லும் வேறுபடுதல் இயல்பு. விழாவும் அத்தகையதே, ஒரே திருநாள் ஊர்தோறும் வேறு வேறு கோலங் கொள்ளும். இவ்விரு வேறுபாடுகளையும் மொழிநூலாரும் வழக்காற்றியலாரும் தனித்தனியே ஆராய்ந்துள்ளனர்; ஒருங்கு வைத்துக் கண்டோர் சிலரே. காட்டலான் மொழியில் இவை பற்றி எழுந்த இரு பெருந்தொகுதிகளை ஒப்பிட்டு, அவை எவ்வளவிற்குத் துணைபுரிகின்றன, எங்குக் குறைபடுகின்றன என்று மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவற்றுள் ஒன்று, அந்தோனி மரியா அல்கோவெரும் பிரான்செஸ்க் தெ போர்ஜா மொல்லும் தொகுத்த ‘காட்டலான்–வாலென்சிய–பலேயார் அகராதி’. இது 10 தொகுதிகளாய் 1962-இல் நிறைவெய்தியது. மற்றொன்று, ஜுவான் அமாதெஸ் 1950 முதல் 1956 வரை 5 தொகுதிகளாய் வெளியிட்ட ‘காட்டலான் வழக்காறுகள்: ஆண்டின் போக்கு’. முன்னது சொற்களுக்கு உரியது. பின்னது விழாக்களுக்கு உரியது. ஆதலின் விழாக்களின் வட்டார வேறுபாட்டை அறிய விழைவோர் பின்னதனையே முதற்கண் நாடுவர். அங்ஙனம் நாடுதல் முற்றும் பொருந்தாது என்பதும், அகராதி ஒன்றே கொண்டு அமைதலும் இயலாது என்பதும் ஈண்டுக் காட்டப்படும்.

1. மொழியும் அதன் வட்டாரங்களும்

காட்டலான், இலத்தீனின் வழிவந்த மொழிகளுள் ஒன்று. இசுபெயின் நாட்டின் காட்டலோனியா, வாலென்சியா, பலேயார்த் தீவுகள், அரகோனின் கீழெல்லை ஆகியவற்றிலும், பிரான்சு நாட்டின் ரூசியோனிலும், அந்தோராவிலும், சார்தீனியத் தீவின் அல்கேரோ நகரிலும் அது வழங்குகின்றது. இவற்றுள் அதனையே தனி ஆட்சிமொழியாகக் கொண்ட நாடு அந்தோரா மட்டுமே.

இம்மொழியின் வழக்குகளைக் கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பகுத்துக் காட்டியவர் மனுவேல் மிலா இ ஃபொந்தனால்ஸ். அவர் 1861-இல் கூறிய இப்பகுப்பு அழுத்தம் பெறாத உயிரொலிகளை அடிப்படையாகக் கொண்டது. மேற்கு வழக்கில் அகரமும் எகரமும் அழுத்தம் பெறாத அசையிலும் வேறாகவே ஒலிக்கும். கிழக்கு வழக்கில் அவை தம்முள் மயங்கி, பெரும்பாலும் நடுநாவிற் பிறக்கும் மங்கிய ஓருயிராய் ஒலிக்கும். பார்சலோனாவை உள்ளிட்ட நடுவண் வழக்கு, பலேயார், ரூசியோன், அல்கேரோ வழக்குகள் ஆகியன கிழக்கினம். லெய்தா முதலிய வடமேற்கு நிலத்து வழக்கும் வாலென்சிய வழக்கும் மேற்கினம்.

வேறுபாடு ஒலியளவில் நில்லாது வினையினுள்ளும் புகும். ‘பேசுகின்றேன்’ என்னும் தன்மை ஒருமை வினை பார்சலோனாவில் ‘பார்லு’ என்றும், வாலென்சியாவில் ‘பார்லெ’ என்றும், பலேயார்த் தீவுகளில் ஈறின்றிப் ‘பார்ல்’ என்றும், ரூசியோனில் ‘பார்லி’ என்றும் வழங்கும். இவற்றுள் ஒன்றைத் திரிபு என்றும் மற்றொன்றைச் செவ்வியது என்றும் மொழிநூல் கூறாது. நான்கும் ஒரு மூலத்தின் நான்கு வளர்ச்சிகளே என்க.

பெயருக்கு முன் வந்து அதனைச் சுட்டிநிற்கும் சிறு சொல் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் உண்டு. அதனை ஈண்டுச் சுட்டிடைச்சொல் என்போம். காட்டலானின் பெரும்பகுதியில் அது ‘எல்’, ‘ல’ என வரும். இலத்தீனின் ‘இல்லெ’ என்பதன் வழியது. பலேயார்த் தீவுகளிலோ ‘எஸ்’, ‘ஸ’ என வரும். இது ‘இப்செ’ என்பதன் வழியது. காட்டலோனியக் கடற்கரையில் கதகேஸ் போன்ற சில ஊர்களிலும் இதன் எச்சம் உண்டு. 1609-இல் மொரிஸ்கோக்கள் வெளியேற்றப்பட்ட பின் மயோர்க்காத் தீவினர் சென்று குடியேறிய தார்பெனா என்னும் வாலென்சிய மலையூரிலும் இவ்வழக்கு நிலைத்தது. அதற்கு மறுதலையாக, மயோர்க்காவின் உள்ளேயே பொல்யென்சா என்னும் ஊர் ‘இல்லெ’ வழிவந்த சுட்டிடைச்சொல்லையே வழங்குகின்றது. வட்டார எல்லை என்பது நாட்டுப் படத்தில் ஒரே கோடாய் ஓடுவதன்று என்பதற்கு இவை சான்றாம்.

இவ்வேறுபாடுகளுக்கு இடையே பொது எழுத்து நெறி ஒன்றை வகுத்தவர் பொம்பேவ் ஃபாப்ரா. எழுத்து விதிகள் 1913-லும், இலக்கணம் 1918-லும், பொது அகராதி 1932-லும் வெளிவந்தன. அதே 1932-இல் வாலென்சிய எழுத்தாளர்கள் காஸ்தெல்யோ நகரில் தம் வழக்கிற்கேற்ற சில மாற்றங்களுடன் அந்நெறியை ஏற்றனர். நாம் மதிப்பிட எடுத்துக்கொண்ட இரு நூல்களும் இப்பொது நெறி உருவாகி வேரூன்றிய காலத்தை ஒட்டி எழுந்தவை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

2. இரு நூல்களின் அமைப்பு

அல்கோவெர் 1862-இல் மயோர்க்காவின் மனகோர் ஊரிற் பிறந்த சமயகுரவர். 1901-இல் அவர் வெளியிட்ட அழைப்பு மடல், காட்டலான் வழங்கும் நிலமெங்கும் உள்ளோர் தத்தம் ஊர்ச்சொற்களைத் தொகுத்தனுப்புமாறு வேண்டியது. குருமாரும் ஆசிரியரும் உழவரும் சீட்டுகளில் சொற்களை எழுதி அனுப்பினர். அல்கோவெர் தாமும் ஊர் ஊராய்ச் சென்று வினைவடிவங்களைத் திரட்டினார். 1906-இல் பார்சலோனாவில் கூடிய முதற் காட்டலான் மொழிப் பேரவைக்கு அவரே தலைமை தாங்கினார். 1918-இல் காட்டலான் ஆய்வுக் கழகத்தோடு முரண்பட்டுப் பிரிந்தார். முதற்றொகுதி 1930-இல் நிறைவுற, 1932-இல் அவர் மறைந்தார். மெனோர்க்காத் தீவினரான மொல் பணியை மேற்கொண்டார். உள்நாட்டுப் போரும் அதன்பின் காட்டலான் நூல்கள்மீது விதிக்கப்பட்ட தடைகளும் இடையூறாய் நிற்க, வாலென்சியப் புலவர் மனுவேல் சஞ்சிஸ் குவார்னெரின் துணையுடன் அவர் அதனை முடித்தார்.

இவ்வகராதியின் தனிச்சிறப்பு இடக்குறிப்பு. ஒரு சொல்லுக்குப் பொருள் கூறியபின், அது எவ்வெவ்வூரில் வழங்குகின்றது, எவ்வெவ்வாறு ஒலிக்கின்றது என்பன ஒலிக்குறிகளால் காட்டப்படும். பழைய நூல்களின் மேற்கோளும் பழமொழியும் சொற்பிறப்பும் பொருள்களின் ஓவியமும் உடன் வரும். நூற்பெயரிலேயே மூன்று நிலங்களும் ஒத்த மதிப்புடன் இடம்பெற்றமை இதன் கொள்கையை உணர்த்தும்.

அமாதெஸ் 1890-இல் பார்சலோனாவிற் பிறந்து 1959-இல் மறைந்தவர். பல்கலைக்கழகக் கல்வியின்றித் தம் உழைப்பாலேயே அறிஞரானவர், கட்புலன் குன்றியவர். அந்நிலையில் ஒருவர் இத்துணைப் பெரிய தொகுதியை ஆக்கியது வியக்கத்தக்கது. நூலின் ஒழுங்கு பெயரால் விளங்கும். முதற்றொகுதி குளிர்காலத்திற்கும், இரண்டாவது களியாட்ட நாட்களுக்கும் நோன்புக்கும் உயிர்ப்பு விழாவிற்கும், மூன்றாவது நற்கருணை விழாவிற்கும் இளவேனிற்கும், நான்காவது கோடைக்கும், ஐந்தாவது கூதிர்காலத்திற்கும் உரியன. நாள்தோறும் எத்திருநாள், அன்று மக்கள் என் செய்தனர், என் உண்டனர், என் பாடினர் என்பன அம்முறையே தொகுக்கப்பட்டுள்ளன.

நிலமும் பொழுதும் ஆகிய இரண்டையும் சேர்த்தே முதற்பொருள் என்று தொல்காப்பியர் கொண்டார். அந்நோக்கில் இவ்விரு நூல்களையும் நோக்கின், அகராதி நிலத்தைக் கைக்கொண்டது. வழக்காற்றுத் தொகுதி பொழுதைக் கைக்கொண்டது. ஒவ்வொன்றும் மற்றதனை நெகிழவிட்டது. நிறையும் குறையும் இதனின்றே தோன்றின.

3. நிலம் அறியாக்கால் விழா விளங்காமை

விழா ஊர்வலங்களில் பெருந்தலை முகமூடி அணிந்து ஆடுவோர் காட்டலான் நிலமெங்கும் உளர். அவர் பெயர் ஓரிடத்தும் ஓரிடத்தும் ஒன்றன்று. பார்சலோனாவில் ‘பெருந்தலையர்’ எனப் பொருள்படும் ‘காப்குரோசுஸ்’; மலையடி ஊராகிய பெர்காவில் ‘குள்ளர்’ எனப் பொருள்படும் ‘நான்ஸ்’; வாலென்சியாவில் அதே பொருளில் ‘நானோஸ்’; மயோர்க்காவில் ‘தடித்தலையர்’ என்னுமாறு ‘கபரோத்ஸ்’. ஒரு சாரார் தலையின் பருமையைக் கண்டு பெயரிட்டனர். மற்றொரு சாரார் உடலின் குறுமையைக் கண்டு பெயரிட்டனர். உருவம் ஒன்றாக, அதனைக் காணும் கண் வேறாயிற்று. பொதுமொழிச் சொல் ஒன்றால் எல்லாவற்றையும் குறித்துவிடின் இவ்வேறுபாடு மறையும்.

இதனினும் நுண்ணியது ‘ஃபால்யா’ என்னும் சொல். சிறு தீவட்டி என்னும் பொருளுடைய இலத்தீன் ‘ஃபாக்குலா’ இதன் மூலம். பிரனீசு மலையூர்களில் இச்சொல் இன்றும் தீவட்டியையே குறிக்கும். ஈசில் போன்ற ஊர்களில் வேனிற்கால நள்ளிரவில் இளைஞர் எரியும் கட்டைகளைத் தோளிற் சுமந்து மலையினின்று வரிசையாய் இறங்குவர். வாலென்சியா நகரிலோ ‘ஃபால்யா’ என்பது மார்ச்சு 15 முதல் 19 வரை நிகழும் புனித யோசேப்பு விழாவில் தெருக்கூடல்களில் நிறுத்தி, இறுதி இரவில் எரிக்கும் நகைச்சுவைப் பேருருவங்களைக் குறிக்கும். ஒன்று கோடையில் நடப்பது, மற்றொன்று வேனிற்றொடக்கத்தில் நடப்பது. ஒன்று கையில் ஏந்துவது, மற்றொன்று மாடி வீட்டளவு உயர்வது. ஆண்டுமுறையில் அடுக்கிய நூலில் இவை வெவ்வேறு தொகுதிகளுக்குச் சென்று தம்முள் உறவற்றுப் போம். சொன்முறையில் அடுக்கிய அகராதியிலோ இரண்டும் ஒரு பதிவின்கீழ் வந்து, தீ என்னும் ஒரு வேரினின்று கிளைத்தமை தோன்ற நிற்கும். விழாவின் வரலாற்றை விழாநூலினும் அகராதி நன்கு உணர்த்தும் இடம் இது.

வாலென்சிய விழாவின் கலைச்சொற்களும் வட்டார ஒலியைத் தாங்குவனவே. உருவங்களை நிறுத்துதல் ‘பிளந்தா’, எரித்தல் ‘கிரெமா’, பகலில் வெடிகளைத் தாள ஒழுங்கில் வெடித்தல் ‘மஸ்கிலெதா’. பொது எழுத்து நெறியில் இவை ‘பிளந்தாதா’, ‘கிரெமாதா’, ‘மஸ்கிலெதாதா’ என நிற்றற்குரியன. உயிரிடைத் தகரம் கெட்டு ஈற்றுயிர் நீளுதல் வாலென்சியப் பேச்சின் இயல்பு. பிறசொற்களில் எழுதுங்கால் தகரத்தை மீட்டு எழுதுவோரும் இவ்விழாப் பெயர்களை ஒலித்தவாறே எழுதுகின்றனர். 2016-இல் இவ்விழா யுனெஸ்கோவின் மரபுச் செல்வப் பட்டியலில் இடம்பெற்ற பின்னும் இவ்வடிவங்களே நிலவுகின்றன. பொது நெறி புகாத இடத்தில் விழா வட்டார வடிவத்திற்கு எழுத்துரிமை பெற்றுத் தந்தது எனலாம்.

மாந்தரால் கோபுரம் எழுப்பும் ஆட்டம் பிறிதொரு சான்று. தாரகோனாவை அடுத்த வால்ஸ் ஊரில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் இது சிறந்து விளங்குகின்றது. ‘வாலென்சியர் ஆடல்’ என்று அந்நிலத்தில் வழங்கிய பழைய கூத்தே இதன் முன்னோடி. வாலென்சிய நாட்டு அல்ஜெமெசி ஊரில் செப்டம்பர்த் திருநாளில் நிகழும் ‘முய்ஷெராங்கா’ அதன் உறவினது. கோபுரக் குழுவினர் தம்மைச் ‘சிறுவர்’ எனப் பொருள்படும் சொற்களால் அழைத்துக்கொள்ளல் மரபு. வால்ஸ் குழுவினர் ‘ஷிகெத்’. வெந்த்ரெல் குழுவினர் ‘நென்’. தெராசா குழுவினர் ‘மின்யோ’. இவ்வாட்டம் அண்மைக் காலத்தில் கடல் கடந்து மயோர்க்காவிற் புகுந்தது. அல்கோவெரின் ஊராகிய மனகோரில் தோன்றிய குழு தன்னை ‘அல்லோத்’ என்னும் தீவுச் சொல்லால் அழைத்துக்கொண்டது. ஆட்டம் பெயர்ந்தது, பெயர் பெயரவில்லை. புதுவிழா வந்தவிடத்தும் ஊர்ச்சொல் தன் இடத்தைக் கேட்டுப் பெற்றமை இதனாற் புலனாம்.

இத்தகைய செய்திகளுக்கு அமாதெசின் தொகுதியில் துணை சிறிதே. அதில் ஊர்ப்பெயர் வரும் இடங்கள் உள. ஆயினும் இன்னார் கூறினர், இக்காலத்துக் கூறினர், இவ்வாறு ஒலித்தனர் என்பன பல இடத்தும் இல்லை. ‘முற்காலத்தில்’ என்னும் பொதுச்சொல் நூற்றாண்டுகளை ஒன்றாக்கிவிடுகின்றது. பல நிலத்துச் செய்திகளும் பொதுமொழியில் ஒரே நடையில் அமைதலின், படிப்போர் யாண்டும் ஒரே ஊரில் உலவுவதுபோல் உணர்வர். இது நூலின் இனிமைக்குக் காரணம். ஆராய்ச்சிக்கு அதுவே தடை.

4. பொழுது அறியாக்கால் வழக்கு விளங்காமை

இதுகாறும் கூறியன அகராதிக்குச் சார்பாயின. இனி அதன் குறை கூறப்படும்.

மயோர்க்காவில் கிறித்து பிறப்பு முன்னிரவில் கோயில்தோறும் ‘சிபில்லாவின் பாட்டு’ பாடப்படுகின்றது. உலகின் இறுதித் தீர்ப்பை முன்னுரைக்கும் இவ்விடைக்காலப் பாடலை, நீண்ட அங்கி அணிந்து கையில் வாள் ஏந்திய ஒருவர் பாடுவர். 2010-இல் யுனெஸ்கோ இதனை ஏற்றது. இப்பாட்டில் வருவன ‘எல்’, ‘ல’ என்னும் சுட்டிடைச்சொற்களே. மூன்று வாரம் கழித்து, சனவரி 17-இல் வரும் புனித அந்தோனியார் விழாவிற்காக அதே தீவின் ஸ போப்லா முதலிய ஊர்களில் முன்னிரவில் சொக்கப்பனை மூட்டுவர். அங்குப் பேய்வேடம் புனைந்தோர் ஆடுவர். உறுமுபானையின் ஒலிக்கு இயைய மக்கள் ‘குளோசா’ என்னும் பாக்களை நின்றவிடத்தே கட்டிப் பாடுவர். அவற்றில் வருவன ‘எஸ்’, ‘ஸ’ என்பன. ஊர் ஒன்று, மக்களும் ஒருவரே, கோயிலில் ஒரு சுட்டிடைச்சொல், தீயருகில் மற்றொன்று.

இது தனியே நிகழும் ஒன்றன்று. நாட்பேச்சிலும் இறையன்னை, ஆயர், தலைக்கோயில், வானகம் போன்ற தனிச்சிறப்புடைய பெயர்களுக்குத் தீவினர் ‘எல்’, ‘ல’ என்பவற்றையே அடையாக்குவர். ஆகவே ‘எஸ்’, ‘ஸ’ மயோர்க்காவிற்கு உரியன என்று இடக்குறிப்பு இடுதல் உண்மையில் பாதியே. எச்சமயத்து, எப்பொருள் குறித்து, யார் முன்னிலையில் என்பனவும் உடன் கூறினாலன்றி வழக்கு முற்றுப்பெறாது. மெனோர்க்காவின் சியுதாதெல்யா நகரில் புனித யோவான் விழாவிற்கு முந்திய ஞாயிறு ‘ஆட்டுக்குட்டியின் ஞாயிறு’ எனப்படும். அப்பெயர் ‘தெஸ் பெ’ எனத் தீவுச் சுட்டிடைச்சொல்லைத் தன்னுட் கொண்டே வழங்கும். இதனைச் சமயச் சடங்கு என்பதினும் ஊரார் தமக்கே உரிய நிகழ்ச்சியாய்க் கொண்டமையை அவ்வடிவம் உணர்த்தும் என்று கருதுதற்கு இடமுண்டு.

எல்ச்சே நகரின் ‘மறைநாடகம்’ இதற்கு எல்லைக்கல். ஆகத்து 14, 15 ஆகிய இரு நாட்களில் அன்னை மரியின் விண்ணேற்பைக் கோயிலினுள்ளே இசையாற் பாடி நடிக்கும் இந்நாடகம், சில இலத்தீன் பகுதிகள் ஒழியப் பழைய வாலென்சிய மொழியில் அமைந்தது. நகரத்தின் நாட்பேச்சில் இன்று காஸ்தீலியமே மேலோங்கி நிற்கின்றது. பாடுவோர் வாயில் பழமொழி பிழையின்றி வாழ்கின்றது. தெருவிலோ அதன் ஒலி அருகியது. இவ்விழாவைக் காட்டி மொழி காக்கப்பட்டது என்று மகிழ்வோர் உளர். காக்கப்பட்டது பாட்டு, மொழி என்பது நாளும் பேசப்படுவது. பாட்டின் வாழ்வை மொழியின் வாழ்வாக எண்ணுதல் மயக்கமேயாம்.

அதற்கு மாறாக, வாலென்சிய எரிவிழாவில் ஒவ்வொரு தெருக்குழுவும் தன் உருவங்களை விளக்கி ஆண்டுதோறும் புதிய செய்யுட் சிறுநூல் வெளியிடும். ஜுசெப் பெர்நாத் இ பால்தொவி 1855-இல் எழுதியது இவ்வகையின் தொடக்கமாகப் போற்றப்படுகின்றது. அவ்வாண்டின் அரசியலையும் விலைவாசியையும் அண்டைவீட்டாரையும் எள்ளுதற்கு அன்றாடச் சொற்களே வேண்டும். மயோர்க்காவின் ‘குளோசா’வும் அவ்வாறே. ஆகவே விழாமொழி இருவகைப்படும்: முன்னோர் யாத்ததை மாற்றாது ஓதுவது ஒன்று, அவ்வப்போது புதுவது புனைவது மற்றொன்று. முன்னது பழைய வடிவத்தைப் பேணும். பின்னது பேசும் ஆற்றலைப் பேணும். வட்டார வழக்கின் எதிர்காலத்திற்குப் பின்னதே பெரிதும் வேண்டற்பாலது.

இவ்வேறுபாட்டை அகராதி காட்டாது. அகர வரிசையில் சிதறிய சொற்கள் எவ்விழாவில் எதனை அடுத்து எதிர்வந்தன என்பதை அது சேர்த்துரைக்க இயலாது. பெர்காவின் நற்கருணை விழாவாகிய ‘பாதும்’ இதற்குச் சான்று. முரசின் ஒலிக்குறிப்பே அதன் பெயர். அதில் நெருப்புமிழ்ந்து ஓடும் நெடுங்கழுத்து விலங்கு ‘கித்தா’. உதைக்கும் கோவேறு கழுதை என்பது சொற்பொருள். சொற்பொருளை அகராதி தரும். ஆனால் முரசும் விலங்கும் குள்ளரும் கழுகும் எவ்வொழுங்கில் களம்புகுகின்றனர், கூட்டம் எப்போது அஞ்சி விலகுகின்றது, எப்போது உட்புகுந்து ஆடுகின்றது என்பவற்றை விழாநூலே கூறவல்லது. இவ்விடத்தில் அமாதெசுக்கு நாம் பெரிதும் கடன்பட்டுள்ளோம்.

5. மதிப்பீடு

ஒருவர் வினவலாம்: சுட்டிடைச்சொல்லின் மாற்றம் இலக்கணத்தின்பாற்படும், விழா வழக்காற்றியலின்பாற்படும், இரண்டையும் கலத்தல் எற்றுக்கு? விடை எளிது. பேசுவோன் அவற்றைப் பிரித்து வைத்திலன். எவ்வூரான் என்பதும் இன்று என்ன நாள் என்பதும் அவன் வாயிலுள்ள சொல்லை ஒருங்கே தீர்மானிக்கின்றன. ஆராய்வோன் தன் வசதிக்காகப் பிரித்தவற்றை மீண்டும் சேர்த்தல் அவன் கடமை.

இச்சேர்க்கை இன்று விரைந்து வேண்டப்படுகின்றது. பள்ளியும் செய்தித்தாளும் தொலைக்காட்சியும் பொதுமொழியைப் பரப்புதலின் வட்டார வடிவங்கள் ஒருமுகமாகின்றன. விழாக்களும் அவ்வாறே ஊர்விட்டு ஊர் பரவுகின்றன. பேய்வேடத்தார் தீப்பொறி சிதறத் தெருவில் ஓடும் ‘கோரெஃபோக்’, 1979-இல் பார்சலோனாவின் மெர்சே விழாவில் உருப்பெற்று, பின்னர் வாலென்சியாவிலும் மயோர்க்காவிலும் அதே பெயருடன் பரவியது. மனகோரின் கோபுரக் குழுவைப்போல் ஊர்ச்சொல்லை ஏற்றுக்கொள்ளும் விழாவும் உண்டு. தன் சொல்லையே எங்கும் கொண்டுசெல்லும் விழாவும் உண்டு என்பதை இவ்விரண்டும் உணர்த்தும். எது எவ்விடத்து நிகழ்கின்றது என்பதை அறியாது, விழா வட்டார வழக்கைக் காக்கும் என்றோ அழிக்கும் என்றோ முடிவு கூறல் ஆராய்ச்சியாகாது.

அல்கோவெர்–மொல் அகராதி இன்று கணினி வழியே எவரும் காணுமாறு கிடைக்கின்றது. அதன் ஒவ்வொரு விழாச்சொல்லிற்கும் ஊரோடு நாளையும், நாளோடு சமயத்தையும், ஓதப்படுவதோ புதிதாய்ப் புனையப்படுவதோ என்பதையும் சேர்த்துக் குறிக்கும் துணைத்தொகுதி ஒன்று எழுதல் வேண்டும். அமாதெசின் செய்திகளை ஊர்தோறும் சென்று சரிபார்த்து அதனுள் அமைத்தல் தகும். இரு பெரியோரும் தனித்தனியே நெடுங்காலம் உழைத்த பணி அப்போதுதான் ஒன்றாய் முற்றுப்பெறும்.

இதுகாறும் கூறியவாற்றான், விழாக்களின் வட்டார வேறுபாட்டை உணர்த்துதலில் அகராதி விழாநூலினும் நம்பத்தக்கது என்பதும், வட்டார வழக்கின் உள்வேறுபாட்டை உணர்த்துதற்கு விழாநூலின் பொழுதொழுங்கு இன்றியமையாதது என்பதும் பெறப்பட்டன. ஊர்ப்பெயர் இல்லாத விழாக்குறிப்பும், சமயம் கூறாத சொற்குறிப்பும் ஒரே வகைக் குறையுடையன. சொல்லைத் தொகுப்போர் அச்சொல் எந்நாளில் எச்சமயத்தில் எழுந்தது என்றும், விழாவைத் தொகுப்போர் அதனை ஊரார் எவ்வாறு ஒலித்தனர் என்றும் கேட்டறிந்து எழுதுவாராக.